டேங்கும் மேசையும் ஒரே கூரையில்: பெங்களூரு கிராஃப்ட் பீர் வளர்ந்த விதம்

பெங்களூரு விட்டல் மல்லையா சாலையில், யு.பி. சிட்டி கோபுரங்களிலிருந்து நடந்து போய்விடும் தூரத்தில், 2011-ல் ‘பியர் கிளப்’ திறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இந்திராநகர் நூறடி சாலையில் ‘டாய்ட்’ வந்தது. மறு ஆண்டே மெக்ராத் சாலையில் ‘ஆர்பர்’, வொயிட்ஃபீல்டில் ‘விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ்’. கிங்ஃபிஷரின் சொந்த ஊரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் பீர் இப்படித்தான் தொடங்கியது. இன்று பெங்களூரில் இத்தகைய மைக்ரோ ப்ரூவரிகள் அறுபதுக்கும் மேல். வார இறுதியில் ஓசூர் வழியாகப் போகும் தமிழ்நாட்டு இளைஞர்களில் கணிசமானோருக்கு இவற்றில் ஒன்றாவது பழக்கமான இடம்.

இந்த வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: குளுமையான வானிலை, ஐ.டி. சம்பளம், எண்பதுகளிலிருந்தே இருக்கும் பப் பழக்கம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவை போதாது. ஐ.டி. சம்பளம் ஐதராபாத்திலும் சென்னையிலும்கூட இருக்கிறது. ஐதராபாத்தில் தெலங்கானா அரசு விதி வகுத்த பிறகே மைக்ரோ ப்ரூவரிகள் முளைத்தன. சென்னையில் அப்படி ஒரு அலையே எழவில்லை. வானிலையும் அப்படித்தான். பீர் நொதிக்கும் டேங்கைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடிக்கொண்டே இருக்கும்; வெளியே 25 டிகிரியா 40 டிகிரியா என்பது மின்கட்டணத்தைத்தான் மாற்றும். சுமார் 920 மீட்டர் உயரத்து மாலைக் காற்று, மொட்டைமாடியிலும் திறந்த முற்றத்திலும் ஆட்களை உட்காரவைக்கும். பீரின் தரத்தில் அதற்குப் பெரிய பங்கில்லை.

பெங்களூரு பீரை உருவாக்கியதில் பெரிய பங்கு கலால் விதிக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. பீரின் சுவை, விலை, கடையின் அளவு, எந்தப் பேட்டையில் கடை, யார் முதலாளி என்ற எல்லாவற்றிலும் அந்த விதியின் கைரேகை இருக்கிறது. அதைப் பார்க்கும் முன் கொஞ்சம் பழைய கதை.

1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தோடு தமிழ் பேசும் குடும்பங்களும் வந்து அல்சூர், சிவாஜிநகர்ப் பக்கம் குடியேறின. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பீர் தேவைப்பட்டது. கப்பலில் வந்த பீர் போதாமல் மலைகளிலும் பட்டாள ஊர்களிலும் ஆலைகள் எழுந்தன. நீலகிரியில் கேஸில் ப்ரூவரி 1857-லேயே இருந்தது. அது உட்பட ஐந்து தென்னிந்திய ஆலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கியதில் பிறந்ததுதான் யுனைடெட் ப்ரூவரிஸ். 1947-ல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார்; அடுத்த ஆண்டு தலைவர். பல மலைகள், பல ஆலைகள், பல சுவைகள் என்று இருந்தது ஒரே நிறுவனத்துக்குள் அடங்கி, 1978-க்குப் பிறகு கிங்ஃபிஷர் என்ற ஒரே பெயருக்குள்ளும் அடங்கியது. எண்பதுகளின் பிற்பகுதியில் சர்ச் தெருவிலும் பிரிகேட் சாலையைச் சுற்றியும் பப்கள் பெருகியபோது அங்கே குழாயில் வந்ததும் பெரும்பாலும் அதே கிங்ஃபிஷர்தான், லாகர் எனப்படும் தெளிந்த பீர். ஜக் ஜக்காக டிராஃப்ட் பீர் வைத்துக்கொண்டு ராக் பாட்டுக் கேட்ட தலைமுறை அது. பீரில் வேறு வகை உண்டு என்ற நினைப்பு வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

இந்த இடைவெளியில் மென்பொருள் வேலைக்காக அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் அங்கே பேட்டைக்கொரு ப்ரூவரி இருப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். ஆசை இருந்தது, பணமும் இருந்தது; உரிமம்தான் இல்லை. இந்தியாவில் மதுபானம் மாநிலப் பட்டியலில் வரும் விஷயம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கலால் சட்டம், தனி வரி, தனி உரிமம். பழைய சட்டங்கள் பீர் ஆலை என்றாலே லட்சக்கணக்கான லிட்டர் காய்ச்சிப் பாட்டிலில் அடைக்கும் பெரிய தொழிற்சாலையைத்தான் மனதில் வைத்திருந்தன. ஓட்டலின் மூலையில் ஆறேழு டேங்க் வைத்துக் காய்ச்சும் ஆளுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஹரியானாவும் மகாராஷ்டிராவும் முதலில் வழிவிட்டன. 2009-ல் புனேயில் ‘டூலாலி’ என்ற மைக்ரோ ப்ரூவரி திறந்தது. கர்நாடகம் அதைத் தொடர்ந்து விதியைத் திருத்தியது. ஜப்பானிலும் இதே கதைதான். 1994-ல் பீர் உரிமத்துக்கான குறைந்தபட்ச உற்பத்தியை ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டரிலிருந்து 60,000 லிட்டராகக் குறைத்த பிறகுதான் அங்கே ஊருக்கு ஊர் சின்ன ஆலைகள் வந்தன.

கர்நாடகம் திறந்த கதவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மைக்ரோ ப்ரூவரியில் காய்ச்சும் பீரை அதே இடத்தில், அதோடு சேர்ந்த உணவகத்திலேயே விற்க வேண்டும். பாட்டிலில் அடைத்துக் கடைக்கு அனுப்ப முடியாது. பீப்பாயில் நிரப்பி அடுத்த தெரு பப்புக்குக் கொடுக்கவும் முடியாது. அதிகாரி பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. ஒரே வாசல் இருந்தால் எவ்வளவு காய்ச்சினார்கள், எவ்வளவு விற்றது, வரி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது எளிது. ஆனால் இந்த ஒரு நிபந்தனை, தொழிலின் முழு வடிவத்தையும் தீர்மானித்துவிட்டது.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பீர் காய்ச்சத் தெரிந்த ஒருவரிடம் நல்ல செய்முறை இருக்கிறது, கொஞ்சம் முதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் அவர் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை எடுத்து, நான்கு டேங்க் போட்டு, பீப்பாய்களை வண்டியில் ஏற்றிப் பத்து பப்களுக்குக் கொடுத்துப் பிழைப்பார். பெங்களூரில் அந்த வழி இல்லை. அவர் உணவகம் நடத்த வேண்டும். அதற்குச் சமையலறை, பணியாளர்கள், பார்க்கிங், தீயணைப்புச் சான்று, பார் உரிமம், நகரின் நல்ல இடத்தில் வாடகை. காய்ச்சும் கருவிகளுக்கே கோடிகள் ஆகும். மீதியைக் கூட்டினால் அது சின்ன ஆளின் கனவாக இருக்க முடியாது. ஆகவே இத்துறைக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே உணவகமோ கட்டுமானத் தொழிலோ நடத்தியவர்கள், அல்லது முதலீட்டாளர்களைத் திரட்டக்கூடியவர்கள்.

அடுத்தது அளவு. டேங்கில் இருக்கும் பீரை வெளியே அனுப்ப முடியாது என்றால், வெளியே இருக்கும் ஆட்களை உள்ளே அழைத்தாக வேண்டும். முதல் தலைமுறைக் கடைகள் பெரும்பாலும் எம்.ஜி. சாலை, இந்திராநகர் போன்ற நகர நடுவிலேயே பிடித்த அளவான கட்டடங்கள். 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. சாலைக்கும் இடையே நகரின் முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியதும் இந்த இரு வட்டாரங்களையும் இணைத்து அவர்களுக்குக் கைகொடுத்தது. இரண்டாம் தலைமுறை சர்ஜாபூர் சாலை, ஹென்னூர், மாரத்தஹள்ளி என்று வெளிவட்டத்துக்குப் போனது. ‘பிக் ப்ரூஸ்கி’ போன்றவை குளம், மரம், படிக்கட்டு அரங்கம் என்று கல்யாண மண்டபத்தைவிடப் பெரிதாகக் கட்டின. மாரத்தஹள்ளியில் வந்த ‘அயர்ன்ஹில்’ உலகின் மிகப் பெரிய மைக்ரோ ப்ரூவரி என்றே தன்னை விளம்பரப்படுத்தியது. பெயரில் ‘மைக்ரோ’, உள்ளே ஆயிரம் பேருக்கு மேல் உட்கார இடம். ஒரே வாசலில் விற்கச் சொன்ன விதியிலிருந்து நேராக வந்து சேர்ந்த முடிவு இது.

இனி கிளாஸுக்குள் இருப்பதைப் பார்ப்போம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெங்களூரின் எந்த ப்ரூவரிக்குப் போனாலும் பட்டியலில் ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பீர் இருக்கும். பல இடங்களில் அதிகம் விற்பதும் அதுதான். முதல் மிடறிலேயே வாழைப்பழ வாசனையும் பின்னால் லேசாகக் கிராம்பும் தெரியும். உள்ளே பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. அந்த வகை ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. வாழைப்பழத்தின் மணத்துக்கும் அதே பொருள்தான் காரணம். கிராம்பு மணம் இன்னொரு சேர்மத்திலிருந்து வருகிறது. நொதிக்கும் வெப்பத்தை ஓரிரு டிகிரி ஏற்றினால் வாழைப்பழம் தூக்கலாகும். இறக்கினால் கிராம்பு முன்னே வரும். தேர்ந்த கை செய்த ஹெஃபவைசனில் இரண்டும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கும்.

இந்த பீர் எப்படி இவ்வளவு பரவியது? கசப்பு குறைவு என்பதால் லாகரின் கசப்பு பிடிக்காதவர்களும் குடிக்கிறார்கள். காரமான வறுவலோடும் சேர்கிறது. ஆனால் முதலாளியின் கணக்கில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கோதுமை பீர் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேகமாக நொதித்து, இரண்டு வாரத்தில் ஊற்றத் தயாராகிவிடும். முறையான லாகருக்கு 10, 12 டிகிரியில் மெதுவான நொதித்தலும், அதன் பின் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் பல வாரம் ஓய்வும் வேண்டும். ஐந்து வாரமாவது டேங்க் அடைபட்டுக் கிடக்கும். 1,000 லிட்டர் டேங்க் ஒன்றில் கோதுமை பீரை ஆண்டுக்கு 26 முறை எடுக்கலாம் என்றால் லாகரைப் பத்து முறைதான் எடுக்க முடியும். நூறடி சாலை வாடகையில் நிற்கும் டேங்குக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. தவிர, கலங்கலான கோதுமை பீர் புதிதாகக் குடித்தால்தான் ருசி; பாட்டிலில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த மணம் மங்கிவிடும். டேங்கிலிருந்து நேரே மேசைக்கு வரும் கடையில்தான் அது தன் முழு ருசியில் கிடைக்கும். கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதிக்குள் மிக நன்றாக வாழக்கூடிய பீர் எதுவோ அதுவே பெங்களூரின் அடையாளம் ஆனது. தண்ணீர் பாத்திரத்தின் வடிவை எடுத்துக்கொள்வது போல.

இதற்குள்ளும் நல்ல முயற்சிகள் நடந்தன. பாசுமதி அரிசி சேர்த்து டாய்ட் செய்த ‘பாசுமதி பிளாண்ட்’ நகரத்தில் நிலைத்துவிட்டது. மாம்பழ சீசனில் மாம்பழம், குடகுக் காப்பிக்கொட்டையில் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர், ராகி, வெல்லம் என்று கடைக்குக் கடை ஏதாவது ஒன்று வந்துபோகிறது. ராகி எனக்குத் தனி அக்கறையுள்ள விஷயம். கர்நாடகத்தின் பிரதான தானியம். நம் ஊர்களிலும் கேழ்வரகை முளைகட்டி மாவாக்குவது காலங்காலமாக உண்டு. பீருக்கு அடிப்படையான மால்ட் என்பதும் முளைகட்டி உலர்த்திய தானியம்தான். ஆனாலும் ராகி பீர் ஓரிரு வாரச் சிறப்புப் பண்டமாகவே நிற்கிறது. உமி இல்லாத சின்ன மணி என்பதால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். பீருக்கென்று சீராக ராகி மால்ட் செய்து தரும் ஏற்பாடும் வலுவாக இல்லை. ராஜஸ்தானில் பார்லி நிறைய விளைகிறது. அடிப்படை மால்ட் அங்கிருந்து கிடைத்தாலும், சிறப்பு மால்ட்டுகள் ஜெர்மனியிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகின்றன. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவோ இமாச்சலத்தின் லாஹுல் பகுதியைத் தவிர நாட்டில் விளைவதே அபூர்வம். பச்சை உருண்டைகளாக, காற்று நீக்கிய பையில், விமானத்திலோ குளிர்க் கன்டெய்னரிலோ வந்து இறங்குகிறது. ஹாப்ஸ் அள்ளிப் போட வேண்டிய ஐ.பி.ஏ. என்ற கசப்பு கூடிய பீர் வகையின் செலவு கூடுவது இதனால்தான்.

காய்ச்சும் ஆட்களும் முதலில் இறக்குமதிதான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் காய்ச்சிப் பழகி, பிறகு தொழிலுக்கு வந்தவர்கள் ஏராளம். இங்கே அந்தப் பயிற்சிக்கூடமே இல்லை. அதனால் முதல் சில ஆண்டுகளில் டேங்குகளைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் ஜெர்மானியர்களும் அமெரிக்கர்களும். அவர்களுக்குக் கீழே மூட்டை தூக்கி, டேங்க் கழுவி, ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்துக் கற்றுக்கொண்ட உயிர்தொழில்நுட்பப் பட்டதாரிகள் இன்று தலைமைக் காய்ச்சுநர்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். புனே அருகே வசந்ததாதா சர்க்கரை ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. அங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பெங்களூரு அடைந்த உண்மையான வளர்ச்சி இதுதான் என்பேன். வாசனையை வைத்தே நொதித்தலில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஒரு தலைமுறை உருவாகியிருக்கிறது.

தண்ணீரைப் பேசாமல் பெங்களூரு பீரைப் பேச முடியாது. தமிழ் வாசகருக்கு அது இன்னும் நெருக்கமான விஷயம். பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். டேங்க் கழுவ, குளிர்விக்க என்று சேர்த்தால் ஒரு லிட்டர் பீருக்கு இன்னும் பல லிட்டர் தேவைப்படும். பெங்களூரின் குழாய்த் தண்ணீர் காவிரி. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குழாய் எட்டாத வெளிவட்டத்தில் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். மிகப் பெரிய ப்ரூவரிகள் அமைந்ததும் அதே வெளிவட்டத்தில்தான். ஆழ்துளைத் தண்ணீரின் உப்பும் கடினமும் பீருக்கு ஆகாது என்பதால் சுத்திகரித்து, வேண்டிய உப்புகளை அளவாகத் திரும்பச் சேர்க்கிறார்கள். அந்தச் சுத்திகரிப்பிலும் ஒரு பங்கு தண்ணீர் கழிவாகப் போகிறது. 2024 மார்ச்சில் நகரம் தவித்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. நகரத்தின் மொத்தத் தேவையில் ப்ரூவரிகளின் பங்கு சிறியது, உண்மைதான். ஆனாலும் கழுவிய தண்ணீரை மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடு எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். காய்ச்சி முடித்த தானியச் சக்கை விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. அது மாட்டுத் தீவனமாகச் சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்குப் போகிறது; உலர்த்தி மாவாக்கி ரொட்டி, பிஸ்கட் செய்யும் முயற்சிகளும் நகரத்தில் நடக்கின்றன.

ஒரே கூரை விதியின் பலவீனம் இரண்டு முறை வெளிப்பட்டது. முதலாவது 2017. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு அந்த ஆண்டு ஜூலை 1 அன்று பெங்களூரில் நடைமுறைக்கு வந்தது. எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலை, இந்திராநகர் வட்டாரங்களில் வரிசையாகக் கடைகள் மூடின. நகர எல்லைக்குள் இருக்கும் உரிமங்களுக்கு உத்தரவு பொருந்தாது என்று நீதிமன்றம் அதே மாதம் தெளிவுபடுத்திய பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டாவது 2020. ஊரடங்கில் மதுக்கடைகள் திறந்தபோதும் உணவகங்கள் பூட்டியே இருந்தன. பாட்டில் பீர் கிடங்கில் காத்திருக்கும். டேங்கில் இருக்கும் வடிகட்டாத, சூடேற்றிப் பதப்படுத்தாத பீர் காத்திருக்காது. கடைசியில் அந்த மே மாதம் கர்நாடக அரசு, கண்ணாடி, பீங்கான், எஃகுக் கலங்களில் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வாங்கிப்போகத் தற்காலிகமாக அனுமதித்தது. பத்தாண்டாக முடியாது என்றிருந்தது ஒரு சுற்றறிக்கையில் முடிந்தது.

விதியைச் சுற்றி வழி கண்டுபிடித்தவர்களும் உண்டு. ‘கைஸ்ட்’ என்ற பெங்களூரு பீர் நிறுவனம் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் காய்ச்சி இறக்குமதி செய்தது. பிறகு பழைய மெட்ராஸ் சாலையில் பெரிய ஆலையாகவே அமைத்து, நகரத்தின் மற்ற பார்களுக்குப் பீப்பாயில் கொடுக்கத் தொடங்கியது. ஆர்பர், கேனில் அடைத்து விற்பதற்காகக் கோவாவுக்குப் போய் ஆலை வைத்தது. பெங்களூரில் பெயர் வாங்கிய ப்ரூவரி, தன் பீர் கடை அலமாரிக்குப் போக மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டுமே பெரிய முதல் இருந்தால்தான் நடக்கும் காரியம்.

தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். அங்கே கிடைக்கும் பீர் பெரிய ஆலைகளின் பாட்டில்தான். புதுச்சேரி மைக்ரோ ப்ரூவரிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. அங்கே போய்வரும் சென்னைக்காரர்கள் ‘நம்ம ஊரில் எப்போது?’ என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெங்களூரின் விதியை அப்படியே நகலெடுக்கச் சொல்லக் கூடாது. மகாராஷ்டிராவில் காய்ச்சும் இடம் ஓரிடத்திலும் ஊற்றும் இடம் வேறிடத்திலும் இருக்கலாம். மும்பையின் டேப்ரூம்கள், அதாவது குழாயில் பீர் ஊற்றித் தரும் சின்னக் கடைகள், புறநகர் ஆலைகளிலிருந்து பீப்பாய் வாங்கித்தான் நடக்கின்றன. நகர நடுவில் சின்னக் கடை, வெளியே நியாயமான வாடகையில் ஆலை, ஒரே பாரில் நான்கைந்து ஊர்க்காரர்களின் பீர் என்று அங்கே அமைந்திருக்கிறது. பெங்களூரில் ஒரு கிளாஸ் 300 ரூபாயைத் தாண்டிப் போவதில் கணிசமான பகுதி இருக்கைக்கும் வாடகைக்கும்தான். பீப்பாய்க்கு எண், முத்திரை, குளிர்வண்டிக்கு அனுமதிச் சீட்டு என்று வைத்தால் கலால் துறையின் கணக்கும் கெடாது. பெரிய ஆலைகளின் பீப்பாய்களுக்கு அந்த நடைமுறை பல ஆண்டுகளாக இருக்கவே செய்கிறது. அதையே 1,000 லிட்டர் காய்ச்சுபவருக்கும் நீட்டினால், பத்தாண்டு டேங்க் கழுவிக் கற்றுக்கொண்ட அந்த உதவியாளர் ஆயிரம் பேர் உட்காரும் உணவகம் கட்டாமலேயே தன் பெயரில் ஒரு பீரை நகரத்துக்குக் கொடுக்க முடியும்.